சுண்டுவிரல் வரை இறங்கிய இடுப்பு வலி

கேள்வி: அக்கா, எனக்கு 45 வயது. பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப் போய் வரும் வேன் ஓட்டுகிறேன். ஐந்து வாரத்துக்கு முன் கேஸ் தோம்பைத் தூக்கிச் சமையலறைக்குள் வைத்தபோது இடுப்பில் சுருக்கென்றது. இரண்டு நாளில் இடுப்பு வலி தணிந்தது. ஆனால் வலது பிட்டத்தில் ஆரம்பித்துப் பின்தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிற மாதிரி இழுக்கிறது. பாதத்தின் வெளி ஓரம் மரத்துக் கிடக்கிறது. தும்மினால் உயிர் போகிறது. வேனில் இருபது நிமிடம் உட்கார முடியவில்லை. நடந்தால் கொஞ்சம் பரவாயில்லை. கிளினிக்கில் கொடுத்த நரம்பு மாத்திரை சாப்பிட்டால் தலை கிறுகிறுக்கிறது. தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்து, எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார்கள். சித்தப்பா, தனக்குத் தெரிந்தவரிடம் போய் உருவிவிடச் சொல்கிறார். கூட வேலை செய்பவர் கொடுத்த மூலிகை மாத்திரை இரண்டே நாளில் கேட்டது; தீர்ந்ததும் வலி திரும்பிவிட்டது. எனக்கு இனிப்பு நீர் வேறு. அடுத்த தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். எடுக்கலாமா? ஆபரேஷன் தேவையா?
வேன் ஓட்டுநர், பிறை

பதில்: வணக்கம் தம்பி. ஆபரேஷனுக்கும் பால்குடத்துக்கும் வருகிறேன். அதற்கு முன் நீங்கள் கடிதத்தில் எழுதாத சிலவற்றை நான் கேட்டாக வேண்டும்.

சிறுநீர் போவதில் கோளாறு இருக்கிறதா? முட்டிக்கொண்டு வந்தும் போக முடியாமல் இருக்கிறதா, அல்லது தெரியாமலே கசிகிறதா? மலம் கழித்துக் கழுவும்போது அந்த இடத்தில் கை படுவது தெரியாமல் இருக்கிறதா? தொடைகளின் உள்பக்கம், ஆசனவாய், பிறப்புறுப்பு, இந்த இடங்களில் மரமரப்பு இருக்கிறதா? வலி இடது காலுக்கும் பரவியிருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மேலே படிக்க வேண்டாம். உடனே செபராங் ஜெயா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ பினாங்குப் பெரிய மருத்துவமனைக்கோ போங்கள். வேறு யாரையாவது வண்டி ஓட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் 999. முதுகுத்தண்டின் அடியில் கொத்தாக இறங்கும் நரம்புகள் மொத்தமாக நசுங்கும்போது இப்படி ஆகும். அபூர்வம்தான். ஆனால் அதில் ஒன்றிரண்டு நாள் தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகவே போய்விடலாம். இவற்றை வெட்கப்பட்டு யாரும் தாங்களாகச் சொல்வதில்லை, பல இடங்களில் கேட்பதும் இல்லை. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் நிற்காத இராத்திரி வலி, முன்பு புற்றுநோயோ காசநோயோ வந்திருப்பது, இவற்றில் எது இருந்தாலும் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

எதுவும் இல்லையா? சரி. இப்போது எழுந்து சுவரோரம் போய் நில்லுங்கள். விரல் நுனியால் சுவரைத் தொட்டுக்கொண்டு இடது காலில் மட்டும் நின்று, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் எழும்புங்கள். பத்து முறை. அடுத்து வலது காலில் அதே பத்து. வலது குதிகால் இடதளவு உயர்கிறதா, நாலாவது ஐந்தாவது முறையில் தொய்ந்து போகிறதா என்று பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் மரத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எஸ்1 என்ற நரம்பு வேர் போகும் பாதை அது. கெண்டைத் தசைக்கு ஆணை போவதும் பெரும்பாலும் அதே வேர் வழியாகத்தான். மரமரப்பு தொல்லைதான், ஆனால் பலம் குறைவது அதைவிடப் பெரிய செய்தி. பத்தும் செய்ய முடிந்தால் நிம்மதி. கொஞ்சம் தொய்வு என்றால் மூன்று நாளைக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்து எண்ணிக்கையை எழுதி வையுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனாலோ, குதிகால் தரையை விட்டே எழும்பாவிட்டாலோ, அல்லது நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தொங்கித் தரையில் தட்டினாலோ, காத்திருக்கும் கட்டம் முடிந்துவிட்டது. அறுவை மருத்துவரை அன்றைக்கே பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையை இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம், உங்கள் வலது காலில்தான் பிரேக் இருக்கிறது. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். பாதம் எங்கே இருக்கிறது என்று தெரியாத அளவுக்கு மரமரப்பு, அழுத்தினால் பலம் வராத கெண்டைக்கால், கிறுகிறுக்க வைக்கும் மாத்திரை, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் சாவியை வேறு ஒருவரிடம் கொடுங்கள். ஒரு நாள் ஓட்டாவிட்டால் அன்றைய சம்பளம் போகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் இந்த ஒன்றில் நான் இறங்கி வர மாட்டேன்.

இப்போது, உள்ளே என்ன நடந்தது என்று பார்க்கலாம். 14 கிலோ தோம்பு என்கிறோமே, அது உள்ளே இருக்கும் வாயுவின் எடை மட்டும்தான். இரும்பையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இருமடங்கு. அதைக் குனிந்து, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து, திரும்பிக்கொண்டே வைத்திருக்கிறீர்கள். இடுப்பு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க், நார்நாராகப் பின்னிய வளையமும் நடுவில் கூழ் போன்ற பகுதியும் கொண்டது. வளையத்தின் பின்பக்கம் ஏற்கெனவே நைந்திருந்தால், குனிந்து திரும்பும்போது கூழ் அந்த வழியாகப் பிதுங்கும். டிஸ்க் இடம்விட்டு நழுவி வெளியே வந்துவிட்டது, தட்டி உள்ளே தள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேலும் கீழும் எலும்போடு ஒட்டி வளர்ந்தது அது, எங்கும் நழுவாது.

பிதுங்கிய கூழ் பக்கத்தில் இறங்கும் நரம்பு வேரை அழுத்துகிறது என்பது பாதிக் கதைதான். வெறும் அழுத்தம் பெரும்பாலும் மரமரப்பைத்தான் தரும். அந்தக் கூழில் இருக்கும் ரசாயனங்கள் நரம்பு வேரில் பட்டு அதை வீங்கிச் சிவக்க வைக்கின்றன. வெட்டுக்காயத்தில் மிளகாய்த்தூள் பட்ட மாதிரி. அதனால்தான் எரிச்சலும் ஷாக்கும். அந்த வேர் மற்ற வேர்களோடு சேர்ந்து சயாட்டிக் நரம்பாகிறது. உடம்பிலேயே பருமனான நரம்பு அதுதான். பிட்டத்துத் தசைக்கு அடியில் வந்து, பின்தொடை வழியே இறங்கி, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இரண்டாகப் பிரிகிறது. கோளாறு இடுப்பில், அலறல் சுண்டுவிரலில். காலில் ஒன்றுமே ஆகவில்லை. கெண்டைக்காலில் எவ்வளவு மின்யாக் தேய்த்தாலும் கோயோ ஒட்டினாலும் ஆளுக்கு ஓர் ஆறுதல் கிடைக்கும், அவ்வளவுதான். இந்த வலிக்கும் டிஸ்குக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் 1934இல் எழுதிய பிறகுதான் உலகம் பரவலாக ஏற்றுக்கொண்டது.

இனிப்பு நீர்க்காரர் என்பதால் ஒன்று: சர்க்கரையால் நரம்பு கெடும்போதும் பாதம் மரக்கும். ஆனால் அது பொதுவாக இரண்டு பாதத்திலும் காலுறை போட்ட மாதிரி விரல்களிலிருந்து மேலே ஏறும். ஒரே காலில், ஒரு ஓரத்தில் மட்டும், அதுவும் தும்மினால் கூடும் என்றால் அது இடுப்பிலிருந்து வருவதுதான். உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கடைசியில் பால்குடத்துக்கு வரும்போது இது தேவைப்படும்.

எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். முதுகு வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்த 33 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. நாற்பது வயதில் வலியில்லாதவர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் வீங்கியிருந்தது. ஐம்பதில் 60 விழுக்காடு. அதாவது உங்கள் வேனில் ஏறும் நடுத்தர வயதுக்காரர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தால் ஆளுக்கு ஆள் ஏதாவது எழுதியிருப்பார்கள். உங்கள் விஷயத்தில் படமும் வலியின் பாதையும் பொருந்துகின்றன, ஆகவே அந்த டிஸ்க்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் படம் பெரிதாக இருந்தால் நோய் பெரிது என்று கணக்குப் போடாதீர்கள். விசித்திரம் என்னவென்றால், பெரிதாகப் பிதுங்கி வெளியே வந்த துண்டுகளைத்தான் உடம்பு அந்நியப் பொருளாகக் கண்டு அதிகம் கரைத்துவிடுகிறது. சின்ன வீக்கங்கள் அப்படியே கிடக்கும்.

பலருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் வலி பெருமளவு இறங்கிவிடும். நீங்கள் ஐந்தாவது வாரத்தில் இருக்கிறீர்கள். பொறுமை போகிற சரியான நேரம்.

படுத்தே கிடக்கலாமா என்றால், வேண்டாம். நெதர்லாந்தில் 183 நோயாளிகளை வைத்து 1999இல் பார்த்தார்கள். ஒரு பாதிப் பேரை இரண்டு வாரம் படுக்கச் சொன்னார்கள், மறுபாதிப் பேரை முடிந்த அளவு நடமாடச் சொன்னார்கள். பன்னிரண்டாவது வாரத்தில் இரண்டு பக்கமும் 87 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். படுத்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போது அரை மணி சாய்வது வேறு விஷயம்.

இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு வலிக்கிறது என்று பார்க்காதீர்கள், எதுவரை வலிக்கிறது என்று பாருங்கள். சுண்டுவிரலில் இருந்த வலி கெண்டைக்காலோடு நின்றால் முன்னேற்றம். கெண்டைக்கால் விட்டுப் பிட்டத்தில் மட்டும் இருந்தால் இன்னும் முன்னேற்றம். கால் முழுக்கத் தெளிந்து இடுப்பு மட்டும் முன்பைவிட அதிகமாக வலித்தால் எல்லாரும் பதறுவார்கள். அதுவும் நல்ல செய்திதான். மாறாக, இடுப்பு சுகமாகிக் கால் கூடினால், அதற்கு முன் என்ன செய்தீர்களோ அதை நிறுத்த வேண்டும். உங்களுக்கு முதல் இரண்டு நாளில் நடந்தது இதுதான். இடுப்பு தணிந்ததே என்று சந்தோஷப்பட்டு மறுபடி வேனில் ஏறியிருப்பீர்கள்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் நியூசிலாந்தில் என்னைப் போலவே பிசியோதெரபிஸ்டாக இருந்த ராபின் மெக்கன்ஸி. 1956இல் அவருடைய அறையில் கால் வலிக்காரர் ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த மேசையை யாரும் சரிசெய்யாததால், அதன் மேலேயே குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்து கிடந்தது. இப்படி வளைப்பது ஆபத்து என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நினைத்தார்கள். மெக்கன்ஸி திரும்பி வந்து பார்த்துத் திடுக்கிட, அந்த ஆளோ பல நாளாக இவ்வளவு சுகமாக இருந்ததே இல்லை, கால் வலி போய்விட்டது என்றாராம்.

நீங்களும் அதைத்தான் செய்து பார்க்கப் போகிறீர்கள். கெட்டியான பாய் விரித்துக் குப்புறப் படுங்கள், தலையணை வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். கால் வலி கூடவில்லை என்றால் முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்தி இன்னும் இரண்டு நிமிடம். அதையும் கால் பொறுத்துக்கொண்டால், உள்ளங்கைகளைத் தோளுக்குக் கீழே வைத்துக் கைகளை நீட்டி மேலுடம்பைத் தூக்குங்கள். இடுப்பு பாயிலேயே தொய்ந்து கிடக்கட்டும், பிட்டத்தை இறுக்காதீர்கள். மூச்சை விட்டபடியே மேலே, ஒரு நொடி, கீழே. பத்து முறை. புஜங்காசனம் செய்து பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே வித்தியாசம், இங்கே முதுகுத் தசை சும்மா இருக்க வேண்டும், கைதான் வேலை செய்ய வேண்டும். எழுந்து நின்று, வலி எதுவரை இருக்கிறது என்று கவனியுங்கள். மேலே ஏறியிருந்தால் இரண்டு மூன்று மணிக்கொருமுறை இதைச் செய்யலாம். கீழே இறங்கினால், முந்தைய படிக்குத் திரும்புங்கள். வெறும் குப்புறப் படுப்பதே போதும். அதற்கும் கால் கத்தினால் உங்கள் டிஸ்குக்கு இந்தத் திசை ஒத்துவரவில்லை, நேரில் ஒருவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் அம்மா வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். அறுபதைத் தாண்டியவர்களுக்கு, நடந்தால் கால் கடுத்து, குனிந்து தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டால் சுகமாகிற வேறொரு வகை உண்டு. அவர்களைப் பின்னால் வளைத்தால் கூடும்.

எல்லாரும் செய்கிற ஒரு காரியத்தை நீங்கள் செய்யாதீர்கள்: தொடையின் பின்பக்கம் இறுகியிருக்கிறது என்று காலை நீட்டிக் கட்டைவிரலைத் தொட முயல்வது. யூடியூபில் ஆளாளுக்கு இதைக் காட்டுகிறார்கள். அங்கே இறுகியிருப்பது தசையல்ல, வீங்கிய நரம்பை இழுபடாமல் காக்க உடம்பு போட்டிருக்கும் கட்டு. அதைப் பிடித்து இழுத்தால் இராத்திரி தூக்கம் போகும். ஷாக் அடிக்கிற கட்டம் தணிந்த பிறகு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்காலை மெல்ல நீட்டும்போது முகத்தை மேலே தூக்கி, மடக்கும்போது தாடையை இறக்கிப் பத்து முறை செய்யலாம். நீட்டிய இடத்தில் நிறுத்திப் பிடிக்கக் கூடாது. நரம்பை அதன் பாதையில் முன்னும் பின்னும் நகர விடுகிறோம், அவ்வளவுதான்.

அப்புறம் வேன். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், தெளிவாக இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம், காலையில் நெரிந்தால் எவ்வளவு என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். பாலத்தில் நிறுத்தி இறங்கவும் முடியாது. ஆகவே ஏறுவதற்கு முன்னும், இறக்கிவிட்ட உடனும், வண்டிக்கு வெளியே நின்று இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து எழுவது ஐந்தாறு முறை. இருக்கையின் முதுகைக் கொஞ்சம் மட்டும் சாய்த்து, இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டு ஒன்று. பெடலை எட்டிப் பிடிக்காத தூரத்துக்கு இருக்கையை முன்னே தள்ளுங்கள். பின்பாக்கெட்டில் பர்ஸ் இருக்கிறதா? ஓட்டுநர்களில் முக்கால்வாசிப் பேர் வலது பிட்டத்தின் மேல்தான் லைசென்ஸ், ரசீது, சில்லறை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். அதற்கு நேர் அடியில்தான் சயாட்டிக் நரம்பு போகிறது. இன்றைக்கே அதை எடுத்து முன்னால் போடுங்கள். ஆட்களை இறக்கிவிட்டு அடுத்த ஷிப்ட் வரை மாமாக் கடையில் தே தாரேயோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பாதியை நடையாக மாற்றுங்கள். பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை, கால் பொறுக்கிற வேகத்தில். நடந்தால் பரவாயில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுதான் உங்கள் மருந்து. உங்கள் தே தாரேயில் சீனியைக் குறைப்பதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை போடலாம்.

விடியலுக்கு முன் எழுகிற ஆள் நீங்கள். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிவது அதற்கு மிகக் கெட்டது. அந்த நேரத்தில் சப்பாத்து கட்டுவது, வேனுக்குள் குனிந்து கூட்டுவது எல்லாம் வேண்டாம். தும்மல் வந்தால் எழுந்து நிமிர்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தும்முங்கள். முக்கினாலும் இதே குத்து வரும், ஆகவே மலச்சிக்கல் ஆக விடாதீர்கள். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை.

மூலிகை மாத்திரைதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்க வைத்தது. ஐந்து வார நரம்பு வலி எந்த மூலிகைக்கும் இரண்டே நாளில் பறந்து, மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வராது. சுகாதார அமைச்சு இப்படிப்பட்ட பொருள்களைப் பிடித்துச் சோதிக்கும்போது திரும்பத் திரும்ப அகப்படுவது டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டும், வழக்கமான வலி மாத்திரைகளும். ஸ்டீராய்டு சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றும். பாக்கெட்டில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னொரு பாக்கெட் வாங்காதீர்கள். மீதமிருக்கும் உறையை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லி, சர்க்கரையும் சிறுநீரகமும் பார்க்கச் சொல்லுங்கள். பல வாரம் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. உடம்பு சொந்தமாகச் சுரப்பதை மறந்திருக்கும். அதை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கிளினிக் மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைச் சில நாள் சாப்பிடலாம். ஆனால் இனிப்பு நீர் உள்ளவர்கள் அதைக் கடையில் வாங்கி வாரக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கணக்குக் கேட்கும். நரம்பு மாத்திரை என்று நீங்கள் எழுதியது பெரும்பாலும் பிரிகாபாலினாகவோ காபாபென்டினாகவோ இருக்கும். சர்க்கரையால் வரும் பாத எரிச்சலுக்கு இவை உதவும். சயாட்டிகா எனப்படும், உங்களுக்கு இருப்பது போன்ற கால் நரம்பு வலிக்கு ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் பிரிகாபாலினைக் கொடுத்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள்: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வலி குறையவில்லை, கிறுகிறுப்புதான் கூடியது. கொடுத்த மருத்துவரிடமே போய், தலை சுற்றுகிறது, நான் வேன் ஓட்டுகிறேன் என்று சொல்லுங்கள். சட்டென்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சித்தப்பாவிடம் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். இறுகிப் போன பிட்டத்தையும் இடுப்பையும் வெதுவெதுப்பான எண்ணெயில் இதமாக நீவிவிட்டால் ஒரு ராத்திரி நல்ல தூக்கம் வரும், அதில் தப்பில்லை. முதுகில் ஏறி மிதிப்பது, இடுப்பை முறுக்கிச் சொடக்கு எடுப்பது, காலைப் பிடித்து வெட்டி இழுப்பது, இவை கூடாது. மரத்திருக்கும் பாதத்தில் சூடான கல், மணல் மூட்டை, ஒத்தடம் எதுவும் வைக்கக் கூடாது. சூடு உங்களுக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், இனிப்பு நீர்க் காலில் அந்தக் கொப்புளம் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆபரேஷன். இதற்கும் நெதர்லாந்தில் நல்ல ஆய்வு ஒன்று உண்டு, 2007இல் வந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் கடும் வலியோடு இருந்த 283 பேரில் ஒரு பகுதிக்குச் சீக்கிரமே அறுவை செய்தார்கள், மற்றவர்களைக் காக்க வைத்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி வேகமாக விட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். ஆனால் இதைச் சொல்பவர்கள் அடுத்த வரியை விட்டுவிடுவார்கள்: காக்க வைக்கப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினர் நடுவில் பொறுக்க முடியாமல் அறுவைக்குப் போனார்கள். ஆக ஆபரேஷன் என்பது தோல்வியும் இல்லை, அவசரமும் இல்லை. பலம் குறையாமல், வலி மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தால் பன்னிரண்டாவது வாரம் வரை நான் காத்திருப்பேன். எட்டு வாரமாகியும் சுண்டுவிரலை விட்டு அசையவே இல்லை, தூக்கம் இல்லை, வேலை இல்லை என்றால் செய்துகொள்வதில் தவறு சொல்ல மாட்டேன். அது கால் வலிக்கான அறுவை, இடுப்பு வலிக்கு உத்தரவாதம் தராது. பிறகும் அதே இடத்தில் மறுபடி பிதுங்கலாம். நடுவில் முதுகில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்பார்கள். சிலருக்குச் சில வாரம் மூச்சுவிட அவகாசம் தரும், உங்களுக்குச் சில நாள் சர்க்கரையையும் ஏற்றும். செலவுக்குப் பயந்தால் அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டுக்குப் பார்த்து, நிபுணருக்கும் பிசியோதெரபிக்கும் கடிதம் வாங்குங்கள். வரிசை நீளம்தான், அதனால் இந்த வாரமே வரிசையில் நில்லுங்கள்.

கேஸ் தோம்பை இனித் தொடவே கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிப் பயந்து பயந்தே முதுகைப் பலவீனமாக்கியவர்களைத் தினமும் பார்க்கிறேன். மூன்று மாதம் கொண்டுவந்து தருகிற தம்பியையே உள்ளே வைக்கச் சொல்லுங்கள். பிறகு அரிசிப் பை ஐந்து கிலோவில் தொடங்கிப் பத்து, பதினைந்து என்று ஏற்றலாம்.

இனிப் பால்குடம். எழுதியிருக்கும் நாளைக் கணக்குப் பார்த்தால் தைப்பூசத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. பெரும்பாலும் முடியும் என்றுதான் சொல்வேன். தலையில் வைக்கும் குடத்தை நிமிர்ந்துதான் சுமக்கிறோம், குனிந்து தூக்கும் தோம்பைவிட டிஸ்குக்கு அது எவ்வளவோ மேல். குடத்தைத் தரையிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டாம், யாராவது தலையில் ஏற்றிவிடட்டும். தண்ணீர்மலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு சாதாரண நாளில் வெறுங்கையோடு ஏறி இறங்கிப் பாருங்கள். மறுநாள் காலையில் வலி முழங்காலுக்குக் கீழே வரவில்லை, வலது குதிகால் பத்து முறை எழும்புகிறது என்றால் எடுங்கள். இல்லையென்றால் அடுத்த வருஷம். முருகன் வட்டி கேட்க மாட்டார்.

ஆனால் என் கவலை முதுகு அல்ல, பாதம். ரதம் வரும் வழியெல்லாம் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைத்திருப்பார்கள். கூட்டி அள்ளினாலும் ஓட்டுச் சில்லுகள் தார் ரோட்டின் ஓரத்தில் கிடக்கும். மரத்த வலது பாதத்தில் அது ஏறினாலும் உங்களுக்குத் தெரியாது, பத்து மணிக்கு மேல் தார் சுடுவதும் தெரியாது. விடியலுக்கு முந்தின கூட்டத்தோடு கிளம்புங்கள். படிக்கட்டின் அடி வரைக்கும் செருப்போ கெட்டிக் காலுறையோ போட்டுக்கொள்ளுங்கள், குருக்களிடம் காரணம் சொன்னால் புரிந்துகொள்வார். மகனையோ தம்பியையோ பின்னாலேயே வரச் சொல்லுங்கள். ஒரு லிட்டருக்கு மேல் பால் ஊற்றாதீர்கள். சர்க்கரை மாத்திரைக்காரர் என்பதால் விரதத்தோடு வெறும் வயிற்றில் ஏறுவதைப் பற்றி முதல் வாரமே மருத்துவரிடம் கேட்டு, மாத்திரை அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெளிச்சத்தில் உட்கார்ந்து, மனைவியை விட்டு இரண்டு உள்ளங்கால்களையும் விரலிடுக்கு உட்படப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னக் கீறல் இருந்தாலும் கழுவி மூடி, மறுநாளே கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.